மின்சாரக் காருக்குப் பழைய பாகம் பொருந்துமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெட்ரோல் காருக்குப் பழைய பாகம் வாங்கிப் பழகியவர்கள் மின்சாரக் காருக்கும் அதே கணக்கில் வாங்குகிறார்கள். போல்ட் எல்லாம் ஒழுங்காக உட்காரும், கனெக்டரும் மாட்டிக்கொள்ளும், ஆனால் வண்டி மட்டும் கிளம்பாது. கொஞ்சம் விசாரித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் இது. பழைய பாகம் வாங்குவதில் தவறே இல்லை, நல்ல பாகம் குப்பைக்குப் போகாமல் இன்னொரு வண்டியை ஓட வைப்பது நல்ல காரியம்தான். வாங்கும் முன் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

மாடலும் வருடமும் ஒன்றுதானே, அப்புறம் எப்படிப் பொருந்தாமல் போகும்?

மாடல் பெயர் விற்பனைக்காக வைத்த பெயர். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்பது சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். நிசான் லீஃபை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த 2011, 2012 மாடல்களில் சார்ஜர் பின்பக்கம் இருந்தது. 2013 மாடலில் அதை முன்பக்க பானெட்டுக்குக் கீழே, மோட்டார் மேலேயே அடுக்கிவிட்டார்கள். மோட்டாரும் வேறு: இரண்டுமே 80 கிலோவாட்தான், ஆனால் முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டரிலிருந்து 254 ஆனது, கியர் விகிதமும் மாறியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்.

டெஸ்லா மாடல் 3-லும் இதே கதைதான். ஆரம்ப வண்டிகளில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்துக் காரைச் சூடாக்கும் அமைப்பு) கிடையாது, 2021 மாடலிலிருந்து உண்டு. அதனால் ஏசி குழாய், வால்வு, கூலன்ட் பாதை எல்லாமே வேறு. 2021 கடைசி வாக்கில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் போய், அந்த இடத்தில் சிறிய லித்தியம் பேட்டரி வந்தது. அதனால் "எந்த வருட மாடல்" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், வண்டி தயாரான மாதத்தையும் கேளுங்கள்.

அப்போ எதை வைத்துத்தான் உறுதி செய்வது?

உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் பாகத்தின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை வைத்து. அதில் இருக்கும் பார்ட் நம்பரைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் ஒன்றிரண்டு எழுத்துகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் திருத்தப்பட்ட பதிப்பு எது என்று சொல்வதே பல நிறுவனங்களில் அந்த எழுத்துகள்தான். கணினி உள்ள பாகமாக இருந்தால் (பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், சார்ஜர், பேட்டரி கன்ட்ரோலர் எல்லாம் கணினி உள்ளவைதான்) ஹார்ட்வேர் நம்பர், சாஃப்ட்வேர் நம்பர் என்று தனித்தனியாக இருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் அந்த இரண்டையும் படிக்கலாம். ஹார்ட்வேர் நம்பர் ஒன்றாக இருந்து சாஃப்ட்வேர் மட்டும் வேறு என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஹார்ட்வேர் நம்பரே வேறு என்றால், மாற்றிப் போடலாம் என்று நிறுவனத்தின் கேட்டலாக் சொன்னால் ஒழிய வாங்காதீர்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய நம்பருக்குப் பதிலாக நிறுவனம் புது நம்பர் கொடுத்திருக்கும். புதியது பழையதன் இடத்தில் வேலை செய்யும் என்பதற்காக, பழையது புதியதன் இடத்தில் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. செகண்ட் ஹேண்ட் சந்தையில் பெரும்பாலும் பழைய பதிப்புதான் கிடைக்கும் என்பதால் இந்தத் திசையைக் கவனிப்பது முக்கியம்.

அடுத்தது சேஸிஸ் நம்பர், அதாவது 17 எழுத்து விஐஎன். உங்கள் வண்டியுடையது ஒன்று, பாகத்தைக் கழற்றிய வண்டியுடையது ஒன்று, இரண்டுமே வேண்டும். இரண்டையும் பார்ட்ஸ் கேட்டலாக்கில் போட்டு ஒரே பார்ட் நம்பர் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றே வந்தால் கேள்வியில் பாதி முடிந்தது. எழுதும்போது கவனம்: விஐஎன்னில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, அப்படித் தெரிந்தால் அது ஒன்றோ பூஜ்யமோதான். பத்தாவது இடம் மாடல் வருடம் என்று சொல்வார்கள். வட அமெரிக்க வண்டிகளுக்கு அது சரி, மற்ற சந்தைகளின் வண்டிகளுக்கு அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கழற்றிய வண்டியின் விஐஎன்னைத் தரமாட்டேன் என்று சொல்பவரிடம் உயர் மின்னழுத்தப் பாகம் எதையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பார்ட் நம்பர் ஒன்று, கனெக்டரும் ஒன்று. அப்படியும் வேலை செய்யாமல் போகுமா?

போகும். பாகம் இடத்தில் உட்கார வேண்டும், மின்சாரக் கணக்கு சரியாக இருக்க வேண்டும், அதற்கும் மேல் வண்டியின் கணினி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

லீஃபில் பேட்டரிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் வண்டியின் முதன்மைக் கணினியோடு பதிவு செய்யப்பட்டிருக்கும். அதே நம்பர் உள்ள இன்னொரு பேட்டரியைப் போட்டாலும், நிசானின் கன்சல்ட் கருவியையோ அதற்கு ஈடான வேறு வழியையோ வைத்துப் பதிவு செய்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் பல கணினிகளுக்குப் பாகப் பாதுகாப்பு என்ற பூட்டு உண்டு. நிறுவனத்தின் சர்வரோடு ஆன்லைனில் இணைந்துதான் அதைத் திறக்க முடியும். டெஸ்லாவில் எந்த மோட்டார், எந்த ஹீட்டர், எந்த விளக்கு என்ற விவரமே வண்டிக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கும், பாகம் மாறினால் அதையும் மாற்ற வேண்டும்.

அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே "இதைக் கோடிங் செய்து, அதாவது வண்டியின் கணினியில் பதிவு செய்து தருவீர்களா, பழைய பாகத்துக்கும் செய்வீர்களா, எவ்வளவு ஆகும்" என்று ஒரு மெக்கானிக்கிடம் பதில் வாங்கிவிடுங்கள். சில சர்வீஸ் சென்டர்கள் வெளியிலிருந்து வந்த பழைய பாகத்தைத் தொடவே மாட்டார்கள்.

என் வண்டியில் சிறிய பேட்டரி. அதே மாடலின் பெரிய பேட்டரியைப் போடலாமா?

சில வண்டிகளில் செய்கிறார்கள். லீஃப் இதற்கு நல்ல உதாரணம். 24 கிலோவாட் மணி பேட்டரியில் 48 மாட்யூல் (சில செல்களைச் சேர்த்த சிறு பெட்டி), 40 கிலோவாட் மணி பேட்டரியில் 24 மாட்யூல், ஆனால் இரண்டிலுமே 96 செல் வரிசை தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் மொத்த மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், இன்வெர்ட்டருக்கும் சார்ஜருக்கும் பிரச்சினையில்லை. இருந்தாலும் பேட்டரி பேசும் தகவல் மொழி தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருப்பதால் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சின்ன கணினியைப் பொருத்த வேண்டியிருக்கிறது.

மற்ற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது தொடரில் எத்தனை செல் என்பதைத்தான். அது மாறினால் மின்னழுத்தம் மாறும், அப்புறம் மற்ற எல்லாமே மாறும். அடுத்தது செல்லின் ரசாயனம். இரும்பு பாஸ்பேட் வகை செல்லும் நிக்கல் வகை செல்லும் ஒரே அளவுப் பெட்டிக்குள் வரலாம், ஆனால் ஒன்று நிரம்பும் மின்னழுத்தம் இன்னொன்றுக்கு ஆபத்து. டெஸ்லா மாடல் 3-லேயே இரண்டு வகையும் உண்டு. அதற்கு மேல் குளிரூட்டல்: காற்றால் குளிர்வதா, கூலன்ட் ஓடுவதா, குழாய் எந்தப் பக்கம் நுழைகிறது என்பது. பிறகு எடை. பெரிய பேட்டரி வந்த வண்டிக்கு நிறுவனமே கனமான ஸ்பிரிங் போட்டிருக்கும், நீங்கள் பேட்டரியை மட்டும் மாற்றினால் வண்டி தாழ்ந்து நிற்கும். பதிவு, காப்பீடு இரண்டுக்கும் இந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்று உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று விற்பவரிடம் என்ன கேட்பது?

"நல்லா இருக்கு" என்ற பதில் போதாது, எண்களைக் கேளுங்கள். வண்டியில் இருக்கும்போதே எடுத்த ஸ்கேன் திரையின் படம் வேண்டும், அதில் விஐஎன்னும் தேதியும் தெரிய வேண்டும். மீதமுள்ள கொள்ளளவு எத்தனை சதவீதம், ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம், பதிவான பிழைக் குறியீடுகள், இன்சுலேஷன் எதிர்ப்பு (மின்சாரம் வெளியே கசியாமல் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு), இவ்வளவும் ஒரு சாதாரண ஸ்கேனில் வந்துவிடும். லீஃபுக்கு லீஃப்ஸ்பை என்ற ஆப்பே இருக்கிறது.

டாஷ்போர்டில் தெரியும் கட்டங்களை நம்ப வேண்டாம். லீஃபில் 12 கட்டம் உண்டு, முதல் கட்டம் மறைவதற்கு ஏறக்குறைய 15 சதவீதம் குறைய வேண்டும். 12 கட்டமும் இருக்கிற பேட்டரி நூறு சதவீதத்திலும் இருக்கலாம், 86 சதவீதத்திலும் இருக்கலாம்.

செல் வித்தியாசத்தை வண்டி சும்மா நிற்கும்போது பார்ப்பதைவிட, ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி ஓட்டும்போது பார்ப்பது உண்மையைச் சொல்லும். பலவீனமான செல் சுமை ஏறும்போது தனியாகக் கீழே விழும். இரும்பு பாஸ்பேட் செல்லில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் பாதி சார்ஜில் எல்லா செல்லும் ஒரே மின்னழுத்தம்தான் காட்டும், அது நல்ல செல்லா மோசமான செல்லா என்று அங்கே தெரியாது. நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

கழற்றி எவ்வளவு நாள் ஆகிறது என்பதையும் கேளுங்கள். காலியான நிலையில் மாதக்கணக்கில் பழைய வண்டி உடைக்கும் யார்டில் கிடந்த பேட்டரி, கழற்றும்போது எடுத்த ஸ்கேன் எவ்வளவு அழகாக இருந்தாலும், இன்று அந்த நிலையில் இருக்காது. தனி மாட்யூல் மட்டும் வாங்கி மாற்றுவதாக இருந்தால் மற்றவற்றோடு கொள்ளளவும் உள் எதிர்ப்பும் ஒத்துப்போக வேண்டும். புத்தம் புது மாட்யூலைத் தேய்ந்த மாட்யூல்களோடு சேர்த்தாலும் பேட்டரி தன் பலவீனமான செல்லின் அளவுக்குத்தான் வேலை செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. அந்த பேட்டரிகள் பழைய சந்தைக்கு வரும் காலத்தில் இந்த விசாரணையில் கொஞ்சம் குறையலாம். இப்போதைக்கு நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

மோட்டார், இன்வெர்ட்டர் வாங்கும்போது?

மோட்டாருக்குள் சுழலும் அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்ல ரிசால்வர் என்ற சென்சார் இருக்கும். ஒவ்வொரு மோட்டாரிலும் அது ஒரு சின்ன விலகலோடு உட்கார்ந்திருக்கும், அந்த எண்ணை இன்வெர்ட்டர் தெரிந்து வைத்திருக்கும். மோட்டாரை மட்டுமோ இன்வெர்ட்டரை மட்டுமோ மாற்றினால் பல வண்டிகளில் அந்த எண்ணை மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் வண்டி அதிரும், சக்தி குறையும், சில சமயம் நகரவே மறுக்கும். முடிந்தால் இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்குங்கள், வேலை மிச்சம்.

இரட்டை மோட்டார் வண்டியில் முன், பின் கியர் விகிதங்கள் அந்த ஜோடிக்கென்றே வைத்தவை. ஒன்றை மட்டும் வேறு விகிதத்தில் போட்டுவிடாதீர்கள்.

டெஸ்லா மாடல் எஸ்ஸின் பெரிய பின் மோட்டாரை வாங்கும் எண்ணம் இருந்தால் வேக சென்சாரைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த மோட்டாரில் கூலன்ட் சீல் கசிந்து உள்ளே இறங்குவது தெரிந்த நோய். ஈரம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சார்ஜர், சார்ஜிங் போர்ட் எல்லாம் பொதுவானதுதானே?

பிளக்கின் வடிவம் பொதுவானது, அதன் பின்னால் இருப்பது பொதுவானதில்லை. முதலில் உங்கள் வண்டி எந்தச் சந்தைக்குச் செய்யப்பட்டது என்று பாருங்கள்: டைப் 1, டைப் 2, சிசிஎஸ் 1, சிசிஎஸ் 2, சாடெமோ, சீனாவின் ஜிபி/டி, டெஸ்லாவிலிருந்து வந்த நாக்ஸ் என்று ஒரே மாடலுக்கே நாட்டுக்கு நாடு வேறு போர்ட் இருக்கும். போர்ட்டுக்குள் வெப்ப சென்சாரும் பிளக்கைப் பூட்டும் சிறு மோட்டாரும் இருக்கின்றன. சென்சார் வகை மாறினால் வண்டி தவறான வெப்பநிலையைப் படித்து வேகச் சார்ஜிங்கைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும்.

வண்டிக்குள் இருக்கும் சார்ஜரில் ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா என்பது முக்கியம். 7.4 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் சார்ஜர் இருந்த இடத்தில் 11 கிலோவாட் மூன்று ஃபேஸ் சார்ஜரை வைத்தால் போர்ட்டிலிருந்து வரும் கேபிளையும் மாற்ற வேண்டிவரும், கோடிங்கும் வேண்டும்.

ரெனோ சோயி இதில் தனி ரகம். அதன் சார்ஜிங் அமைப்பு மோட்டாரின் செப்புச் சுருளையே பயன்படுத்திக்கொள்கிறது. கியூ வகை மோட்டார் 43 கிலோவாட் வரை ஏசி சார்ஜிங் எடுக்கும், ஆர் வகை மோட்டார் 22 வரைதான். ஒன்றின் மோட்டாரையும் இன்னொன்றின் சார்ஜிங் பெட்டியையும் கலக்க முடியாது.

பிறகு 400 வோல்ட்டா 800 வோல்ட்டா என்ற கேள்வி. 2019-இல் போர்ஷே டைகான் 800 வோல்ட்டில் வந்தது, 2021-இல் ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈவி6 வந்தன. ஒரே நிறுவனத்தின் 400 வோல்ட் வண்டியிலிருந்து ஒரு ஹீட்டரோ கம்ப்ரஸரோ எடுத்து இவற்றில் போடவே கூடாது, கனெக்டர் நுழைந்தாலும் போடக் கூடாது. அயோனிக் 5, ஈவி6 இரண்டிலும் சார்ஜரும் 12 வோல்ட் மாற்றியும் சேர்ந்த ஐசிசியு என்ற பெட்டிக்காக 2024-இல் திரும்ப அழைப்பு வந்தது. அதைப் பழையதாக வாங்குபவர்கள், கழற்றிய வண்டியில் அந்தத் திருத்த வேலை முடிந்ததா என்று விஐஎன்னை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏசி கம்ப்ரஸரில் என்ன பெரிய விஷயம்?

எண்ணெய்தான் விஷயம், அதுவும் பெரிய விஷயம். பெட்ரோல் காரில் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸருக்குப் பொதுவாக பிஏஜி எண்ணெய். மின்சாரக் காரின் கம்ப்ரஸருக்குள் உயர் மின்னழுத்த மோட்டாரே அந்த எண்ணெயில்தான் நனைந்து ஓடுகிறது, அதனால் பெரும்பாலானவற்றில் மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய் இருக்கும். இதில் கொஞ்சம் பிஏஜி கலந்தாலே இன்சுலேஷன் இறங்கிவிடும். வண்டி அதைக் கசிவு மின்சாரமாகப் பார்த்து முழு உயர் மின்னழுத்தத்தையும் துண்டித்துவிடும். ஏசி எண்ணெய் தவறியதற்காகக் கார் நின்றுபோகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் காரணம் தேடியே நாள் கழியும்.

எனவே கழற்றிய கம்ப்ரஸரின் வாய்கள் மூடி வைக்கப்பட்டிருந்தனவா என்று பாருங்கள். திறந்து கிடந்தால் பிஓஇ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். லேபிளில் எண்ணெய் வகையும் வாயு வகையும் (ஆர்-134ஏ அல்லது ஆர்-1234ஒய்எஃப்) இருக்கும். நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் முந்தைய வண்டியின் பிஏஜி மிச்சம் இருக்கக் கூடாது என்பதையும் ஏசி வேலை செய்பவரிடம் சொல்லுங்கள்.

கூலன்ட்டும் இப்படித்தான். ஹூண்டாய், கியாவின் சில மின்சார வண்டிகளில் மின்கடத்தல் குறைந்த நீல நிறக் கூலன்ட் இருக்கிறது. பழைய பாகத்துக்குள் வேறு கூலன்ட் மிச்சமிருந்தால் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம், கண்ணாடி?

இவற்றில் பெரும்பாலும் பழைய கணக்கே செல்லும். சஸ்பென்ஷனில் பேட்டரி அளவையும் மோட்டார் எண்ணிக்கையையும் பாருங்கள். டயரில் எடை தாங்கும் எண் குறையக் கூடாது. பிரேக் பூஸ்டர் மின்னணு வகை என்றால் கோடிங் வேண்டும். முன் கண்ணாடியில் கேமரா தாங்கி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மாற்றியதும் கேமராவைக் காலிபரேட் செய்யுங்கள்.

எதையெல்லாம் பழையதாக வாங்கவே கூடாது?

ஏர்பேக், சீட் பெல்ட்டை இறுக்கும் வெடி பொறி, விபத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் பைரோ ஃப்யூஸ். வெட்டி ஒட்டிய ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள். வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்த எந்த உயர் மின்னழுத்தப் பாகமும். வெளியே துடைத்துப் பளபளப்பாக்கி விற்பார்கள், உள்ளே அரிப்பு மெதுவாக நடந்துகொண்டிருக்கும்.

திரும்ப அழைக்கப்பட்ட பேட்டரிகளில் தனிக் கவனம் வேண்டும். செவ்ரோலே போல்ட் 2017 முதல் 2022 வரையான மாடல்கள் அனைத்தையும் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 2021 ஆகஸ்ட்டுக்குள் திரும்ப அழைத்தது. அவற்றிலிருந்து கழற்றிய மாட்யூல் மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று தெரிந்துகொண்டே நிராகரியுங்கள்.

விற்பவருக்கே அந்த பேட்டரி சொந்தமில்லாமல் இருக்குமா?

இருக்கும். ஐரோப்பாவில் ரெனோ சோயி பல, பேட்டரி வாடகை ஒப்பந்தத்தோடு விற்கப்பட்டன. கார் வாங்கியவருடையது, பேட்டரி வாடகை நிறுவனத்துடையது. அப்படிப்பட்ட காரை உடைத்து விற்பவருக்கு பேட்டரியை விற்க உரிமையே கிடையாது. அந்தக் காரின் பேட்டரி வாங்கப்பட்டதா வாடகையா என்று எழுத்தில் கேளுங்கள்.

கையில் வந்ததும் வீட்டிலேயே மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கலாமா?

பேட்டரியை வேண்டாம். நேர் மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே வாகன விதிகளில் அது உயர் மின்னழுத்தம். இந்த பேட்டரிகளில் அதைப்போல ஆறேழு மடங்கோ அதற்கும் மேலோ இருக்கும், பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினாலும் செல்லுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கூட வண்டியை நிறுத்திய பின் சில நிமிடம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 1000 வோல்ட் கையுறை, அதற்கேற்ற மீட்டர், பயிற்சி இந்த மூன்றும் இருப்பவரிடம் விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது கண்ணால் பார்ப்பது: உறையில் பள்ளம், கனெக்டரின் உலோக ஊசிகளில் பச்சைப் படிவு, கருகிய தடம், லேபிள் கிழிக்கப்பட்டதா என்பது.

தூரத்திலிருந்து பேட்டரியை வரவழைக்க முடியுமா?

முடியும், சாதாரண பார்சலாக முடியாது. லித்தியம் அயான் பேட்டரி ஆபத்தான சரக்கில் 9-ஆம் வகுப்பு, தனியாக அனுப்பினால் யுஎன் 3480 என்ற எண் வரும். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் இதைச் சரக்காக ஏற்றக் கூடாது. அடிபட்ட பேட்டரி என்றால் பேக்கிங் விதி இன்னும் கடுமை. அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள், பல சமயம் மலிவு என்று தோன்றியது அங்கேயே காணாமல் போகும்.

பில்லில் என்ன எழுதி வாங்குவது?

பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை, கழற்றிய வண்டியின் விஐஎன், அதன் கிலோமீட்டர், பேட்டரி என்றால் ஸ்கேனில் வந்த கொள்ளளவு. "பொருத்திய பிறகு திரும்ப எடுக்க மாட்டோம்" என்று சிலர் எழுதுவார்கள். கோடிங் தேவைப்படும் பாகத்தில் பொருத்திப் பார்க்காமல் அது வேலை செய்கிறதா என்று தெரியவே தெரியாது, அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, பொருத்திச் சோதிக்க இத்தனை நாள் அவகாசம் என்று எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே இன்னொரு வண்டியில் பதிவாகிப் பூட்டியிருந்தால் பணம் திரும்ப வரும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய பாகத்தை, வாங்கிய பாகம் ஒழுங்காக ஓடும்வரை காயலான் கடைக்குப் போட வேண்டாம். அதன் லேபிள், தாங்கி, சில சமயம் உள்ளிருக்கும் கன்ட்ரோலர்கூட மறுபடி தேவைப்படும்.